சேறு அள்ளிய பின் வரும் கடமை

வெள்ளம் புகுந்த வீட்டிலிருந்து சேற்றை அள்ளிக் கொட்டுவது வழிபாடு ஆகுமா? மலையகத்தில் ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் மம்பட்டியும் வாளியுமாகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற ஆலய மாணவர்கள், ஆகும் என்றே நம்புகிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்தபோது 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் மண்சரிவுகள் குடும்பம் குடும்பமாக உயிர்களைக் கொண்டுபோயின. பள்ளிக்கூடங்களும் கோயில்களும் தேவாலய மண்டபங்களும் தங்குமிடங்களாயின. அந்த நாட்களில் உலர் உணவு கட்டிக் கொடுத்ததிலும் வீடு கழுவிக் கொடுத்ததிலும் சபைகளின் இளையோருக்கும் பங்கு உண்டு. அவர்களுடைய நம்பிக்கை சரியானதே. அயலாருக்காக வியர்வை சிந்திச் செய்யும் வேலை ஜெபத்துக்குக் குறைந்தது என்று எந்தச் சமயமும் சொல்லாது. ஆனால் அந்த வழிபாடு எங்கே முடிகிறது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. வீடு காய்ந்ததும் முடிந்துவிடுகிறதா? நோட்டன் பிரிட்ஜ் போன்ற ஓர் இடத்தில் முடியாது என்பதே என் வாதம். அங்கே சேற்றை அள்ளியவருக்கு, அந்த வீடு நிற்கிற நிலம் யாருடையது என்று கேட்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது. அந்தக் கேள்வியைக் கேட்காத சேவை, சமயத்தின் அளவுகோலால் அளந்தாலே குறைபட்டது.

நோட்டன் பிரிட்ஜ் கெஹெல்கமு ஓயாவின் கரையில் உள்ள சிறிய ஊர். இலங்கையில் மிக அதிக மழை பெறும் பகுதிகளில் ஒன்று. மேலே காசல்ரீ நீர்த்தேக்கம். அதன் நீர் 1965இல் இயங்கத் தொடங்கிய விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு, நோட்டனில் உள்ள சிறிய நீர்த்தேக்கத்தில் விழுந்து, அங்கிருந்து பழைய லக்ஷபான மின்நிலையத்துக்குப் போகிறது. தென்மேல் பருவம் வலுக்கும் ஆண்டுகளில் நோட்டன் வான்கதவுகள் திறக்கப்பட்ட செய்தியும், கீழே ஓயாவின் கரையில் இருப்போர் கவனமாக இருக்கவேண்டும் என்ற அறிவித்தலும் வானொலியில் வழக்கமானவை. இதே நீர்தான் மஸ்கெலியா ஓயாவோடு கலந்து களனி கங்கையாகிக் கொழும்பு வரை போகிறது. நாட்டின் விளக்குகளுக்கு மின்சாரமும் தலைநகருக்குக் குடிநீரும் பிறக்கிற மலை இது. அந்த மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களின் வரிசை வீடுகளான லயங்கள் பெரும்பாலும் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால், பங்களாவும் தொழிற்சாலையும் பாதையும் தேயிலையும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய இடங்களில் இருக்கின்றன. சரிவை வெட்டிச் சமன் செய்த ஒரு துண்டு, அல்லது ஓடைக்கு மேலான ஒரு விளிம்பு. மழை எல்லோர் மேலும் சமமாகப் பெய்கிறது. சேறு எந்த வீட்டுக்குள் வரும் என்பது மட்டும் நூறு வருடங்களுக்கு முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டது.

ஒரு லயத்து வீட்டைக் கழுவுகிற வேலையைக் கிட்டப்போய்ப் பார்த்தால் இது விளங்கும். முன்னால் இஸ்தோப்பு, உள்ளே ஒரு காம்பரா, அதை ஒட்டிக் குசினி. பின்சுவருக்கும் வெட்டிய மண்மேட்டுக்கும் நடுவே ஒரு கான். மேட்டிலிருந்து வழிகிற மண் முதலில் அந்தக் கானை அடைக்கிறது. போக வழியில்லாத தண்ணீர் சுவரடியில் ஊறி, களிமண்ணும் தேயிலை வேரும் கல்லுமாகக் குசினிக்குள் வருகிறது. கானைத் தோண்டாமல் வீட்டை மட்டும் கழுவினால் அடுத்த மழைக்கே எல்லாம் திரும்பி வந்துவிடும் என்பதை வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே மாணவர்கள் கண்டுகொள்வார்கள். வீட்டுக்குள் அடுத்த வேலை காகிதங்களைக் காயவைப்பது. கட்டிலடித் தகரப்பெட்டியில் நனைந்துபோனவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தகரக் கூரையிலோ இஸ்தோப்புச் சுவரிலோ பரப்பவேண்டும். பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் சாதாரணதரப் பெறுபேறு, சேமலாப நிதிப் பத்திரம், நகை அடகுவைத்த சீட்டு, சில வீடுகளில் தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை வரலாறு வெயிலில் காய்கிறது. பெரும்பாலான லயங்களில் அந்த வரிசையில் இல்லாத காகிதம் ஒன்றுதான்: காணி உறுதி.

அந்தக் காகிதம் இல்லாமற்போனது தற்செயல் அல்ல. 1820கள் முதல் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களுக்கு, வீடு என்பது வேலையோடு ஒட்டியதாகவே கொடுக்கப்பட்டது. தோட்டத்தில் பேர் பதிந்தவருக்குக் காம்பரா. பேர் வெட்டினால் காம்பராவும் இல்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. நாடற்ற நிலை சட்டப்படி முற்றாக நீங்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1970களில் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. 1990களில் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் குத்தகைக்கு விட்டது. காணி அரசிடம், நிர்வாகம் கம்பனியிடம், பிரஜை காம்பராவில். தோட்டத்துக்குள்ளே பிரதேச சபை ஒரு பாதைக்கோ கானுக்கோ பணம் செலவிடச் சட்டம் தெளிவாக இடம்கொடுத்ததே 2018ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின்புதான். ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு கட்டும் திட்டங்கள் வந்திருக்கின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமரும் மேலதிகமாகப் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். இவை உண்மையான முன்னேற்றங்கள். இருந்தும் இன்னும் பல்லாயிரம் குடும்பங்கள் லயத்திலேயே மழையை எதிர்கொள்கின்றன. டித்வாவுக்குப் பின் வீடு சுத்தம் செய்ய 25,000 ரூபாயும், முழுதாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபாய் வரையும் அரசு அறிவித்தபோது, தோட்டங்களுக்கு வெளியே பெரும்பாலோர் கேட்கத் தேவையில்லாத ஒரு கேள்வி தோட்டங்களில் எழுந்தது. அழிந்த வீடு யாருடைய வீடு?

இந்தக் கேள்வி உயிர்க்கேள்வி என்பதற்கு மீரியபெத்தை சாட்சி. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தைக்கு அருகே அந்தத் தோட்டத்தின் லயங்கள் மலையோடு சேர்ந்து புதைந்தன. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்கள் ஏன் போகவில்லை என்று அன்று பலர் கேட்டார்கள். சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லாத கொழுந்து பறிக்கும் பெண் எங்கே போவாள் என்பதையே முதலில் கேட்டிருக்க வேண்டும். இடம்பெயர் என்று சொல்வதற்கு இன்னோர் இடம் இருக்கவேண்டும். பேரிடருக்குப் பின் நாடெங்கிலுமிருந்து லொறி லொறியாகப் பொருட்கள் வந்து குவிந்தன. மாணவர்களும் சமய அமைப்புகளும் இரவுபகலாக உழைத்தார்கள். அந்த அன்பில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் உயிர் தப்பிய குடும்பங்களில் பல, பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் தடுப்புகளுக்குள் ஏறக்குறைய இரண்டு வருடங்களைக் கழித்த பிறகே புதிய வீடுகளுக்குப் போயின. அரிசியும் உடுப்பும் இரண்டு நாட்களில் வந்துசேர்ந்தன. நிலம் வர இரண்டு வருடங்கள் எடுத்தது. இந்த இடைவெளியில் திருச்சபைக்கு வேலை இல்லையா?

இருக்கிறது என்று வேதமே சொல்கிறது. எரேமியாவின் நூலில் 32ஆம் அதிகாரத்தைப் பிரசங்கங்களில் அதிகம் கேட்பதில்லை. எருசலேமைப் பாபிலோனியப் படை முற்றுகையிட்டிருக்கிறது. தீர்க்கதரிசி காவல் முற்றத்தில் அடைபட்டுக் கிடக்கிறார். நகரம் விழப்போகிறது என்று அவரே சொல்லிவந்தவர். அந்த நேரத்தில் அவர் தம் சொந்த ஊரான ஆனதோத்தில் ஒரு நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். சாட்சிகளை அழைத்துக் கையெழுத்து வாங்கி, முத்திரையிட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் நெடுநாள் கெடாமல் இருக்கும்படி மண்பாண்டத்தில் போட்டுவைக்கச் சொல்கிறார். பேரழிவின் நடுவே ஒரு தீர்க்கதரிசி செய்த விசுவாசச் செயல் ஓர் உறுதி எழுதுவது. எதிர்காலத்தைப் பற்றிக் கடவுள் தந்த நம்பிக்கையை அவர் பாட்டாகப் பாடி நிறுத்தவில்லை. பத்திரமாகப் பதிவு செய்தார். ஏசாயாவின் நூலும் வரப்போகும் நற்காலத்தை வருணிக்கையில் இதையே தொடுகிறது: கட்டியவர்களே அந்த வீட்டில் குடியிருப்பார்கள், ஒருவர் கட்ட இன்னொருவர் குடியிருப்பது இனி இராது என்கிறது. நல்ல சமாரியன் கதையிலும் நாம் காயம் கட்டுகிற இடத்தோடு நின்றுவிடுகிறோம். அவன் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறான். திரும்பி வருவேன் என்ற அந்த வாக்கு இல்லாவிட்டால் கதை பாதிதான்.

தோட்டத்து மக்களில் பெரும்பான்மையினர் சைவர்கள். மாரியம்மனையும் முருகனையும் கும்பிடுகிறவர்கள். அவர்களுக்கு இந்தப் பாடத்தைக் கிறிஸ்தவர்கள் போய்ச் சொல்லவேண்டியதில்லை. பிட்டுக்கு மண் சுமந்த கதை அவர்களிடம் இருக்கிறது. வைகை பெருகியபோது வீட்டுக்கு ஒரு பங்கு கரை அடைக்கவேண்டும் என்று பாண்டியன் கட்டளையிடுகிறான். அந்தக் கட்டளை எல்லா வீட்டையும் ஒன்றாகவே பார்த்தது. பிட்டு விற்றுப் பிழைக்கிற, ஆள்துணை இல்லாத வந்தி என்ன செய்வாள் என்று பார்க்கவில்லை. சிவனே கூலியாளாக வந்து உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு அவள் பங்குக்கு மண் சுமக்கிறான். வேலை நடக்கவில்லை என்று அரசன் பிரம்பால் அடித்தபோது அந்த அடி அரசன் முதுகிலும் உலகத்து உயிர்கள் அனைத்தின் மேலும் விழுந்தது என்கிறது புராணம். மண் சுமக்கும் கூலியின் மேல் விழும் அடியைத் தன்மேல் விழுந்ததாக அரசன் உணரும்வரை அந்தக் கதை முடிவதில்லை. இன்று மண் சுமக்க வருகிற மாணவரும் வந்தியின் பங்கை நிரப்பிவிட்டுப் போகிறவராக மட்டும் இருக்கமுடியாது. எல்லா வீட்டையும் ஒன்றாகப் பார்க்கிற கட்டளையில் உள்ள அநீதி, கட்டளை இட்டவருக்கு உறைக்கவேண்டும்.

இங்கே முதல் மறுப்பு எழும். காணி கேட்பது அரசியல். அதைத் தொழிற்சங்கங்களும் கட்சிகளும் பார்த்துக்கொள்ளட்டும், ஆலயம் ஆறுதல் சொல்லட்டும் என்பார்கள். இதில் ஒரு நியாயம் உண்டு. தேர்தல் மேடையாக மாறிய ஆலயம் தன் குரலை இழந்துவிடும். ஆனால் கட்சி சாராமல் நீதி கேட்பதற்கு இந்த மலையிலேயே முன்மாதிரிகள் இருக்கின்றன. இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கித் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தோட்ட மக்களின் உரிமைக்கே கொடுத்தார். அமலமரித் தியாகிகள் சபைக் குருவான திஸ்ஸ பாலசூரிய, நற்கருணையையும் மானிட விடுதலையையும் பற்றி எழுதிய நூலில், இத்தனை ஆயிரம் பூசைகளுக்குப் பிறகும் சமூகத்தின் ஏற்றத்தாழ்வு ஏன் அசையவில்லை என்று திருச்சபையைப் பார்த்தே கேட்டார். கேரளத்தின் அனுபவமும் நமக்கு எச்சரிக்கை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருவனந்தபுரம் கரையோரத்து மீனவர்கள், அவர்களில் பலர் இலத்தீன் கத்தோலிக்கர்கள், தம் படகுகளை லொறிகளில் ஏற்றிக்கொண்டு போய் ஆயிரக்கணக்கானோரை மீட்டார்கள். மாநிலமே அவர்களைத் தன் படை என்று கொண்டாடியது. அதே கரையில் கடலரிப்பால் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் வலியதுறையின் கிடங்குகளில் வருடக்கணக்கில் கிடந்தன. 2022இல் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு எதிராக அவர்களுடைய மறைமாவட்டம் போராட வந்தபோது, கொண்டாடிய வாய்களில் பல அவர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்றன. சேவைக்குக் கிடைக்கும் நன்றி தானாக உரிமையாக மாறுவதில்லை. உரிமையைத் தனியே கேட்கவேண்டும். கேட்கும்போது நன்றி குறையும். அதற்குப் பயந்து ஒதுங்குவதைத்தான் அரசியல் கலவாத தூய்மை என்று நாம் சொல்லிக்கொள்கிறோமோ என்று ஒவ்வொரு சபையும் தன்னைக் கேட்டுப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. உறுதி இருந்தால் மலை சரியாதா? 2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தபோது புதைந்தவர்களில் பலர் சொந்தக் காணிக்காரர்கள். டித்வாவிலும் சொந்த வீட்டோடு போனவர்கள் நிறைய. மழைமுகில் உறுதியைப் படித்துவிட்டுப் பெய்வதில்லை. இது உண்மை. உரிமை ஆபத்தை ஒழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆபத்தை எதிர்கொள்ளும் வலுவை அது தருகிறது. நிலத்தில் வெடிப்பு விழுந்து, மரங்கள் சாய்ந்து, இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்பும்போது, சொந்தக்காரர் கானை ஆழப்படுத்தலாம், தாங்குசுவர் கட்டக் கடன் வாங்கலாம், விற்றுவிட்டு வேறிடம் போகலாம், நட்டஈட்டுக்குத் தன் பேரில் விண்ணப்பிக்கலாம். காம்பராக்காரர் பின்பக்கம் ஒரு தாழ்வாரம் இறக்கவும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியை எதிர்பார்க்க வேண்டியவர். மழை இரவுகளில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கோ கோயிலுக்கோ போய்ப் படுத்துவிட்டு, விடிந்ததும் அதே சரிவுக்குத் திரும்புவதே அவருக்குள்ள ஒரே தெரிவு. அதோடு, காணி கொடுப்பது என்றால் எந்தக் காணியையும் அல்ல. கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பாதுகாப்பானது என்று சான்று கொடுத்த காணி. நல்ல நிலம் தேயிலைக்கும் மிஞ்சிய நிலம் மனிதருக்கும் என்ற பழைய பங்கீடு மாறாமல், ஆபத்தான சரிவுக்கே உறுதி எழுதிக் கொடுப்பது இன்னொரு கொடுமையாகிவிடும்.

மாணவர்களால் என்ன முடியும், அவர்களிடம் அதிகாரம் உண்டா என்பது மூன்றாவது மறுப்பு. சேற்றில் நிற்கிறவருக்குச் சட்டவாதம் வேண்டாம், முதலில் சோறு வேண்டும் என்பார்கள். முதலில் சோறுதான்; முதல் வாரம் மம்பட்டிதான். நான் கேட்பது இரண்டாம் வாரத்தைப் பற்றி. படித்த பிள்ளைகளிடம் அதிகாரம் இல்லாவிட்டாலும் எழுத்து இருக்கிறது, சிங்களத்தில் விண்ணப்பம் நிரப்பத் தெரிந்திருக்கிறது, கையில் தொலைபேசி இருக்கிறது. லயம் லயமாகப் போய் ஒவ்வொரு குடும்பத்தின் சேதத்தையும் படத்தோடும் திகதியோடும் பதியலாம். எத்தனை வருடமாக அங்கே வாழ்கிறார்கள் என்பதற்கான சான்றுகளை ஒன்றுசேர்க்கலாம். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்துக்கும் அந்தக் குடும்பத்தோடு கூடவே போய் வரிசையில் நிற்கலாம். எரேமியாவின் உறுதிக்குச் சாட்சிகள் கையெழுத்து வைத்தார்கள். ஒரு குடும்பத்தின் வாழ்க்கைக்குச் சாட்சி நிற்பதும் திருப்பணியே. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த மழைக்கு முன் அவர்கள் திரும்பி வரவேண்டும். ஒருநாள் வந்து படம் எடுத்துவிட்டுப் போன குழுவைத் தோட்டத்து மக்கள் நன்றியோடு வழியனுப்புவார்கள், நம்பிப் பேசமாட்டார்கள்.

கடைசி மறுப்பு கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொல்லப்படுவது: இந்தச் சேவை மதம் மாற்றத்தான். அந்த ஐயத்தைக் கோபத்தோடு தள்ளிவிடக் கூடாது. துயரத்தில் இருப்பவரிடம் அரிசிப் பையோடு துண்டுப் பிரசுரத்தையும் நீட்டியவர்கள் இருக்கிறார்கள். அது நற்செய்திக்கே அவமானம். ஆனால் அந்த ஐயத்துக்குச் சரியான மருந்தும் காணி உரிமையில்தான் இருக்கிறது. தானம் பெறுகிறவர் கொடுத்தவரின் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கிறது; அடுத்த பை வருமோ வராதோ என்ற கவலையில் தலையாட்டவேண்டியிருக்கிறது. தன் நிலத்தில் நிற்கிறவர் யாருக்கும் தலையாட்டத் தேவையில்லை. அவர் கோயிலுக்குப் போவதும் ஆலயத்துக்குப் போவதும் அவருடைய மனச்சாட்சியின் தீர்மானம். அயலாரை நம்மிடம் கடமைப்பட்டவராக வைத்திருக்காமல், நம் உதவியே தேவைப்படாதவராக நிற்கவைக்கப் பாடுபடும் அன்பை யாரும் சந்தேகிக்க முடியாது.

இதைச் சொல்லும்போது திருச்சபை தன் வரலாற்றையும் மறைக்கக் கூடாது. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டத் துரைமாரின் பணத்தோடும் ஆதரவோடும் வளர்ந்தது. அது எழுத்தறிவைக் கொண்டுவந்தது, பள்ளிகளைக் கொண்டுவந்தது. லயம் ஏன் லயமாக இருக்கிறது என்று மட்டும் அது அதிகம் கேட்கவில்லை. மலையகத்தில் கல்லால் கட்டி எழுப்பிய ஆலயங்கள் உறுதியான மேட்டில், பத்திரம் உள்ள காணியில் நிற்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள விசுவாசிகள் பத்திரமில்லாத சரிவில் இருக்கிறார்கள். இந்த முரணை நீக்குவது பிரசங்கத்தால் ஆகிற காரியம் அல்ல. 2023இல் மலையகத்தின் இருநூறு ஆண்டுகளை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தபோது வைத்த கோரிக்கைகளில் காணியும் வீடும் இருந்தன. அரசு அதைச் செய்யட்டும் என்று தீர்மானம் நிறைவேற்றுவதோடு ஆலயங்கள் நின்றுவிடக் கூடாது. மலையகத்தில் தன் பேரில் உள்ள, சரிவு ஆபத்து இல்லாத, பயன்படாமல் கிடக்கும் காணி எவ்வளவு என்று ஒவ்வொரு மறைமாவட்டமும் சபையும் எண்ணிப் பார்க்கட்டும். அதில் ஒரு பகுதியை, எந்தச் சமயத்தவர் என்று பாராமல், மழையில் வீடிழந்த தோட்டக் குடும்பங்களுக்கு அவர்கள் பேரிலேயே எழுதிக் கொடுக்கட்டும். சேற்றை அள்ளிய மாணவர்கள் அந்த உறுதிக்குச் சாட்சிக் கையெழுத்து வைக்கட்டும். அதன் பிறகு அரசையும் கம்பனிகளையும் பார்த்து, நீங்களும் கொடுங்கள் என்று கேட்கும் தகுதி திருச்சபைக்குக் கிடைக்கும்.